நானோகுழாய் ஃபில்ட்டர் சரியாக வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கார்பன் நானோகுழாய்ப் படலத்தை வெட்டி ஒட்டி ரேடியோ அலை ஃபில்ட்டர் செய்பவர்கள், சிக்கல் வந்ததும் முதலில் சந்தேகப்படுவது குழாய்களின் குவாண்டம் குணங்களைத்தான். காரணம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. படலத்தின் மின்தடை, ஒட்டிய இடம், வெட்டிய விளிம்பு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். ஓம் கணக்கிலேயே பிடிபட்டுவிடும் பிழையை விஎன்ஏ (ஃபில்ட்டரைக் கடந்து போகும், திரும்பி வரும் சைகைகளை அளக்கும் கருவி) திரையில் தேடினால் வாரக்கணக்கில் நேரம் போகும். அதனால் இந்த வழிமுறை முழுவதும் ஒரே ஒழுங்கில் நடக்கும்: முதலில் டிசி (நேர்மின்னோட்ட) அளவீடு, பிறகு காப்பர் நகலோடு ஒப்பீடு, அதற்கப்புறம்தான் மற்றவை.

எந்த ஃபில்ட்டரைப் பற்றிப் பேசுகிறோம்

மைய அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், பட்டை அகலம் 10 சதவீதம், பட்டர்வொர்த் வகை, மூன்று ஹேர்பின் ரெசனேட்டர்கள் (கொண்டை ஊசி போல மடித்த, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் கோடுகள்). போர்டு ரோஜர்ஸ் 4003சி, தடிமன் 1.524 மி.மீ. இந்தப் போர்டில் 50 ஓம் கோட்டின் அகலம் சுமார் 3.4 மி.மீ. அரை அலைநீளம் 36.7 மி.மீ, திறந்த முனைகளுக்கான திருத்தம் போக, ஒவ்வொரு ஹேர்பினையும் நிமிர்த்தினால் 35 மி.மீ சொச்சம் நீளம் வரும். உள்ளீட்டுக் கோடும் வெளியீட்டுக் கோடும் மடிப்பின் நடுவிலிருந்து 4.8 மி.மீ அளவு தள்ளி முதல், கடைசி ரெசனேட்டர்களைத் தொடும்.

கிரவுண்டும் உள்ளீடு, வெளியீட்டுக் கோடுகளும் காப்பராகவே இருக்க வேண்டும். ரெசனேட்டர்கள் மூன்று மட்டும் நானோகுழாய்ப் படலம். ஹேர்பினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோம்ப்லைன், இன்டர்டிஜிட்டல் வகைகளில் ரெசனேட்டரின் ஒரு முனை கிரவுண்டைத் தொட்டாக வேண்டும். மின்னோட்டம் உச்சத்தில் இருப்பது அந்த முனையில்தான். நானோகுழாய்க்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள தொடுதடை அங்கே போய் உட்கார்ந்தால், எவ்வளவு நல்ல படலமாக இருந்தாலும் பயனில்லை. ஹேர்பினுக்குக் கிரவுண்ட் தொடுப்பே தேவையில்லை.

இதே அளவில், இதே போர்டில், முழுக்கக் காப்பரில் இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நகல் இல்லாமல் பிழை தேடவே கூடாது. வடிவமைப்பில் உள்ள தவறு, கனெக்டர் தவறு, விஎன்ஏ கேலிப்ரேஷன் தவறு எல்லாம் இரண்டிலும் ஒன்றாகத் தெரியும். படலத்தின் தவறு ஒன்றில் மட்டும் தெரியும்.

முதல் வேலை: ஷீட் ரெசிஸ்டன்ஸ் (ஒரு சதுரத் துண்டின் மின்தடை)

படலத்தை ஒட்டுவதற்கு முன் அதிலிருந்தே 3.4 மி.மீ அகலத்தில் ஒரு கீற்றை வெட்டுங்கள். இரு முனைகளிலும் சில்வர் பெயின்ட் தடவி 100 மில்லி ஆம்பியர் செலுத்துங்கள். நடுவே 20 மி.மீ இடைவெளியில் இரண்டு புள்ளிகளில் மட்டும் மின்னழுத்தம் அளவிடுங்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, அகலம் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் சதுரத்துக்கு எத்தனை ஓம் என்று கிடைக்கும். சதுரத்துக்கு 0.1 ஓம் உள்ள நல்ல படலத்தில் அந்த 20 மி.மீ நீளத்துக்கு 59 மில்லிவோல்ட் காட்டும்.

சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்து அளந்தால் முனைகளின் தொடுதடைதான் தெரியும், படலம் தெரியாது. நான்கு ஊசி கொண்ட புரோப் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: 4.532 என்ற பெருக்கெண் அகன்ற படலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஊசி இடைவெளி 1 மி.மீ, கீற்றின் அகலம் 3 மி.மீ என்றால் பெருக்கெண் 2.70. பழைய எண்ணையே போட்டால் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் அதிகமாகக் காட்டி, நல்ல படலத்தையும் தூக்கிப் போட வைத்துவிடும்.

கிடைத்த எண்ணிலிருந்து ஃபில்ட்டரின் இழப்பைக் கணிக்கலாம். கிரவுண்ட் காப்பர், கோட்டின் அகலம் 3.4 மி.மீ என்ற நிலையில், ரெசனேட்டரின் கடத்திக் கியூ (ஆற்றல் எவ்வளவு குறைவாக இழக்கப்படுகிறது என்று காட்டும் எண்; கூடினால் நல்லது) ஏறக்குறைய 14.5 ÷ மின்தடை. போர்டின் மின்கடத்தாப் பொருள் தரும் கியூ 400 அளவில் இருப்பதால் அது பெரிய இடையூறு இல்லை. பாஸ்பேண்ட் (ஃபில்ட்டர் கடக்கவிடும் அதிர்வெண் பட்டை) நடுவில் இழப்பு, டெசிபெல்லில்: 4.34 × 4 ÷ (0.1 × கியூ). இங்கே கியூ என்பது கடத்தி, மின்கடத்தாப் பொருள் இரண்டின் கியூவையும் தலைகீழாக்கிக் கூட்டி மறுபடி தலைகீழாக்கிய எண், 4 என்பது மூன்று ரெசனேட்டர் பட்டர்வொர்த்தின் 1, 2, 1 என்ற எண்களின் கூட்டுத்தொகை, 0.1 என்பது பட்டை அகலம்.

சதுரத்துக்கு 0.13 ஓம் என்றால் இழப்பு 2 டெசிபெல் சுற்றி வரும். 0.5 ஓம் என்றால் ஆறரை டெசிபெல்லை நெருங்கும். 1 ஓம் என்றால் 12 டெசிபெல்லைத் தாண்டும். 5 ஓம் என்றால் கியூ 3 கூட வராது; அங்கே சூத்திரமும் பொருந்தாது, பாஸ்பேண்ட் என்று சொல்லவும் ஒன்றும் இருக்காது. காப்பர் நகலில் கணக்குப்படி முக்கால் டெசிபெல். கனெக்டரையும் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்தம் ஒரு டெசிபெல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நுணுக்கம். டிசியில் 0.1 ஓம் காட்டும் 20 மைக்ரான் படலம் 2.45 கிகாஹெர்ட்ஸில் 0.13 ஓம் ஆகிவிடும். அதன் கடத்துதிறனுக்கு ஸ்கின் டெப்த் (அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து இறங்கும் ஆழம்) 14 மைக்ரான்தான். மின்னோட்டம் முழுத் தடிமனையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. காப்பரில் இதே அதிர்வெண்ணில் ஸ்கின் டெப்த் 1.3 மைக்ரான்.

அறிகுறி 1: பாஸ்பேண்டே இல்லை, எஸ்21 (கடந்து போகும் சைகை) ஒரு தட்டையான மேடு போல இருக்கிறது

காப்பர் நகல் சரியாக வேலை செய்து, இது மட்டும் இப்படி இருந்தால் கியூ 5-க்குக் கீழே என்று பொருள். ஷீட் ரெசிஸ்டன்ஸ் 3 ஓமுக்கு மேல் இருக்கும். இதற்கு மூன்று காரணங்கள் வழக்கமாக வரும்.

பல சுவர் குழாய்களை வாங்கியிருப்பது முதல் காரணம். விலை குறைவு, கிடைப்பதும் எளிது. ஆனால் அவற்றின் சாதாரணப் படலம் மீட்டருக்கு 10,000 சீமென்ஸ் என்ற அளவில்தான் கடத்தும். 20 மைக்ரானில் அது சதுரத்துக்கு 5 ஓம். தடிமனைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். கூட்டினால் ஓரளவுக்குக் குறையும், ஆனால் எல்லை இருக்கிறது. இந்தக் கடத்துதிறனில் 2.45 கிகாஹெர்ட்ஸ் ஸ்கின் டெப்த் 100 மைக்ரான். அதற்கு மேல் எவ்வளவு அடுக்கினாலும் மின்தடை ஏறக்குறைய 1 ஓமிலேயே நின்றுவிடும். அதாவது 12 டெசிபெல் இழப்பு. 10 சதவீதப் பட்டைக்கு இந்தப் பொருள் ஆகாது. ஒற்றைச் சுவர் குழாய்க்கு மாறுவதுதான் வழி.

இரண்டாவது காரணம், படலத்துக்குள் சோப்பு மிச்சமிருப்பது. படலம் செய்யக் குழாய்களைத் தண்ணீரில் பிரித்து வடிதாளில் வடிக்கிறோம்; பிரிப்பதற்கு எஸ்டிபிஎஸ் போன்ற சர்ஃபாக்டன்ட் (சோப்பு) 1 சதவீதம் போடுகிறோம். 90 மி.மீ வடிதாளில் 20 மைக்ரான் படலம் வர 60 மில்லிகிராம் குழாய் வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற செறிவில் அது 300 மில்லிலிட்டர் கலவை. அந்த 300 மில்லிலிட்டரில் சர்ஃபாக்டன்ட் 3 கிராம், குழாயைப் போல 50 மடங்கு. இது குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே மின்கடத்தாப் பூச்சாக நின்றுவிடும். வடித்து முடித்தவுடன் படலத்தை வடிதாளிலேயே வைத்து, சூடான வடிகட்டிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இழுங்கள். கழுவி வரும் நீரை ஒரு சிறு குப்பியில் பிடித்து மூடி, பத்து விநாடி நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை வளையம் கட்டி அப்படியே நின்றால் இன்னும் கழுவ வேண்டும். நுரை எழுந்த வேகத்தில் உடைந்து, வெறும் தண்ணீர் போலத் தெளிந்தால் போதும். அரை லிட்டருக்குக் குறைவாக இந்த நிலை வருவது அரிது.

மூன்றாவது, அளவுக்கு மீறிய சோனிகேஷன் (மீயொலியால் கலக்குவது). புரோப் சோனிகேட்டர் குழாய்க் கட்டுகளைப் பிரிக்கும்; கூடவே குழாய்களை வெட்டவும் செய்யும். குழாய் குட்டையானால் மின்னோட்டம் கடக்க வேண்டிய சந்திகள் பெருகும். படலத்தின் மின்தடை பெரும்பாலும் சந்திகளில்தான் இருக்கிறது. இந்த நிலையில் மை (குழாய்கள் கலந்த அந்தக் கலவை) பார்க்க அருமையாக இருக்கும்: கருகருவென்று, அடியில் எதுவும் படியாமல். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. 100 மில்லிலிட்டருக்கு, ஐஸ் தொட்டியில் வைத்து, இடைவெளி விட்டு விட்டு 30 நிமிடம் என்று தொடங்கி, ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஒரு சிறு படலம் வடித்து மின்தடையை அளந்து, அது குறைவது நிற்கும் இடத்தில் சோனிகேட்டரை நிறுத்துங்கள்.

சோப்பா, சோனிகேஷனா என்று பிரித்தறிவது எளிது. படலத்தை மறுபடி கழுவி உலர்த்தி அளவிடுங்கள். மின்தடை கணிசமாக இறங்கினால் சோப்பு. அசையவே இல்லை என்றால் குழாய்கள் குட்டையாகிவிட்டன. அந்த மையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி 2: பாஸ்பேண்ட் இருக்கிறது, இழப்பு மட்டும் கணக்கைவிட அதிகம்

முதலில் அந்த ஆற்றல் எங்கே போகிறது என்று பாருங்கள். எஸ்11-ஐயும் (திரும்பி வரும் சைகை) எஸ்21-ஐயும் டெசிபெல்லிலிருந்து திறன் பின்னமாக மாற்றி, இரண்டையும் 1-இலிருந்து கழியுங்கள். உதாரணமாக எஸ்11 −12 டெசிபெல், எஸ்21 −8 டெசிபெல் என்றால் திரும்பி வந்தது 6 சதவீதம், கடந்து போனது 16 சதவீதம், மீதி 78 சதவீதம் போர்டிலேயே தொலைந்திருக்கிறது. எஸ்11 மட்டும் பார்த்தால் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். இழப்புள்ள படலத்தின் குணமே இதுதான்: விழுங்கிவிடுவதால் திரும்பி வருவதில்லை. நானோகுழாய் ஃபில்ட்டரில் எஸ்11 அழகாக இருப்பதைத் தரச் சான்றாக எடுக்கக் கூடாது.

தொலைந்தது வெப்பமா, கதிர்வீச்சா? மேலே ஓர் உலோக மூடியை 15 மி.மீ உயரத்தில் பிடித்துப் பாருங்கள். எஸ்21 மாறினால் கதிர்வீச்சில் ஒரு பங்கு இருக்கிறது. காப்பர் நகலிலும் அதே மாற்றம் தெரியும். மாறவில்லை என்றால் எல்லாம் படலத்தில் வெப்பமாகிறது.

கீற்றில் 0.1 ஓம் அளந்தீர்கள், ஃபில்ட்டரில் 0.5 ஓமுக்கு உரிய இழப்பு வருகிறது என்றால், நடுவில் நடந்தது என்ன என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அடிக்கடி அகப்படும் குற்றவாளி, எபாக்சியை (படலத்தைக் காப்பரோடு இணைக்கும் பசை) இறுக வைக்கும் சூடு. நைட்ரிக் அமிலத்தில் ஊறிய படலத்தின் மின்தடை பல மடங்கு குறைவதற்குக் காரணம் அமிலம் தரும் டோப்பிங் (குழாய்களில் மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்னூட்டங்களைக் கூட்டுவது). சூடு ஏறினால் அது வெளியேறும். சில்வர் எபாக்சியை 150 டிகிரியில் சட்டென்று இறுக வைத்தால் டோப்பிங்கின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். உற்பத்தியாளர் அனுமதிக்கும் மிகக் குறைந்த வெப்பத்தில், 80 டிகிரி சுற்றி, நீண்ட நேரம் வையுங்கள். எபாக்சிக்கு முன்னும் பின்னும் சாட்சிக் கீற்று (அதே படலத்திலிருந்து வெட்டி வைத்த ஒப்பீட்டுத் துண்டு) ஒன்றையும் அதே அடுப்பில் வைத்து அளந்தால் சந்தேகமே இருக்காது.

டோப்பிங் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. அடர் நைட்ரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம், ஃபியூம் ஹூடுக்குள், படலம் தனியாக இருக்கும்போதே. போர்டில் ஒட்டிய பிறகு செய்தால் காப்பர் கரையும், பழுப்பு நிற நச்சு வாயு கிளம்பும். வடிதாளைக் கரைக்க அசிட்டோன் பயன்படுத்தியிருந்தால் படலத்தில் அசிட்டோன் ஈரமே இல்லாதவரை அமிலத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அசிட்டோனும் அடர் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கும்.

இன்னொரு காரணம் திசை. ஒரே திசையில் அடுக்கப்பட்ட குழாய்ப் படலம் அந்தத் திசையில் மிக நன்றாகக் கடத்தும், குறுக்கே அவ்வளவு கடத்தாது. ஹேர்பினின் கைகள் அந்தத் திசையில் இருந்தால் மடிப்பு அதற்குக் குறுக்கே விழும். அரை அலைநீள ரெசனேட்டரில் மின்னோட்டம் உச்சத்தில் இருப்பது சரியாக அந்த மடிப்பில்தான். அதாவது அதிக மின்னோட்டம் மோசமான திசையில் ஓடும். அடுக்கிய படலம் கையில் இருந்தால் ஹேர்பினை விட்டுவிட்டு நேரான இணைகோட்டு ரெசனேட்டர்களுக்குப் போங்கள். போர்டு நீளும், ஆனால் படலத்தின் முழுப் பலனும் கிடைக்கும்.

ஒரே தாளில் வடித்த படலத்திலும் இடத்துக்கு இடம் மின்தடை மாறும். அதில் ஆகச் சிறந்த துண்டை நடு ரெசனேட்டருக்கு வையுங்கள். 1, 2, 1 என்ற எண்களில் நடுவில் இருப்பது 2. மைய அதிர்வெண்ணில் மொத்த இழப்பில் பாதி அந்த ஒன்றில்தான் நடக்கிறது.

அறிகுறி 3: மைய அதிர்வெண் இடம்பெயர்ந்திருக்கிறது

இங்கேதான் கைனெடிக் இண்டக்டன்ஸின் (எலக்ட்ரான்களின் நிலைமத்தால் வரும் இண்டக்டன்ஸ்) பெயர் அடிபடும். தனி ஒற்றைச் சுவர் குழாய்க்கு அது மைக்ரானுக்கு 4 நானோஹென்றி. சாதாரணக் காந்த இண்டக்டன்ஸைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் அதிர்வெண் இறங்கியிருக்கும் என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.45 கிகாஹெர்ட்ஸில் 4 நானோஹென்றி என்பது 62 ஓம். அதே ஒரு மைக்ரான் குழாயின் மின்தடை, எல்லாம் நன்றாக இருந்தாலும், ஆறரை கிலோஓம். நூற்றில் ஒரு பங்குதான். சந்திகளின் மின்தடையையும் சேர்த்தால் பங்கு இன்னும் சிறுக்கும். இந்த அதிர்வெண்ணில் தடிமனான படலத்தில் கைனெடிக் இண்டக்டன்ஸ் பாஸ்பேண்டை 50 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தாது.

மேலே ஏறியிருந்தால் படலத்தின் அடியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். படலம் முழுவதும் 50 மைக்ரான் தூக்கி நின்றால் அதிர்வெண் 70 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும். அதே 50 மைக்ரானைப் பசை நிரப்பியிருந்தால் ஏற்றம் 6 மெகாஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். பசை தடித்துவிட்டதே என்று கவலைப்படுவதைவிட, பசையில் குமிழ் இருக்கிறதா என்று தேடுவது மேல். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தூக்கிய இடம் மங்கலாகப் பளபளக்கும். உருளையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, எடை வைத்து இறுக விடுங்கள்.

கீழே இறங்கியிருந்தால் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். மொத்த நீளத்தில் 1 மி.மீ வித்தியாசம் 67 மெகாஹெர்ட்ஸ். கத்தி மழுங்கியிருந்தால் முனையில் குழாய் நார்கள் இழுபட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாரும் ரெசனேட்டரின் நீளம்தான். புதிய பிளேடு போட்டு, படலத்தை இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்து, ஒரே அழுத்தத்தில் வெட்டுங்கள். ஈரமாக வெட்டுவது உடம்புக்கும் நல்லது. செல்லுலோஸ் வடிதாளைக் கரைக்காமல் படலத்தோடு விட்டிருந்தால் அது ஈரத்தை இழுத்து அதிர்வெண்ணைக் கீழே இறக்கும், இழப்பையும் கூட்டும். பாதுகாப்புப் பூச்சு போட்டிருந்தாலும் கொஞ்சம் இறங்கும். பூச்சின் தடிமனைத் தெரிந்துகொண்டு நீளத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 4: தொட்டால் மாறுகிறது, நாளுக்கு நாள் மாறுகிறது

விஎன்ஏவைத் தொடர்ந்து ஓடவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தொடுங்கள். எங்கே தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பது முன்பே தெரியும். திறந்த முனையில் மின்னழுத்தம் உச்சம். குச்சியின் மின்கடத்தாப் பொருளால் அதிர்வெண் லேசாக இறங்குவது இயல்பு. மடிப்பின் நடுவில் மின்னழுத்தம் பூச்சியம். அங்கே குச்சி பட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது. மடிப்பை அழுத்தும்போது எஸ்21 துள்ளினால் அங்கே விரிசல் இருக்கிறது, அல்லது படலம் தூக்கி நிற்கிறது. விரிசலுக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, அந்த ரெசனேட்டரையே மாற்றுங்கள். மடிப்பின் உள்மூலையைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டினால் விரிசல் விழுவது வெகுவாகக் குறையும்.

உள்ளீட்டுக் கோடு தொடும் இடத்தை அழுத்தும்போது மாறினால் தொடுப்புதான் பிழை. நானோகுழாயில் சாதாரண ஈயம் ஒட்டாது. சாலிடரிங் அயர்னை வைத்தால் படலம் சுருண்டு எழும். சில்வர் எபாக்சிதான் போட வேண்டும். காப்பர் கோட்டின் முனையைப் படலத்தின் கீழே குறைந்தது 3 × 3 மி.மீ அளவுக்கு நீட்டி, அதன் மேல் படலத்தை வைத்து ஒட்டுங்கள். இவ்வளவு பரப்பு இருந்தால் இன்னொரு நன்மை உண்டு. தொடுப்பு எங்காவது விட்டுப்போனாலும், 10 மைக்ரான் பசை இடைவெளியில் அந்தப் பரப்பே 24 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராக நின்று, 2.45 கிகாஹெர்ட்ஸில் 3 ஓமுக்கும் குறைவான தடையோடு சைகையைக் கடத்திவிடும். ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கும் தொடுப்புதான் ஆபத்து. காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண் காட்டும்.

அழுத்தினாலும் மாறவில்லை, ஆனால் நாள்தோறும் இழப்பு மெல்லக் கூடுகிறது என்றால் டோப்பிங் வெளியேறுகிறது. சாட்சிக் கீற்றின் மின்தடையும் அதே போக்கில் கூடினால் உறுதி. நைட்ரிக் டோப்பிங் காற்றில் நிலைத்து நிற்பதில்லை. முதல் சில நாட்களில் வேகமாக மாறி, பிறகு மெதுவாகும். ஆகவே டோப்பிங் முடிந்த அன்றே அளந்து அந்த எண்ணை வைத்து வடிவமைப்பது தவறு. ஒரு வாரம் திறந்தவெளியில் வைத்து, நிலைத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிலீன் போன்ற பூச்சு இந்த மாற்றத்தை மந்தப்படுத்தும். ஈரப்பதமும் ஆக்சிஜனும்கூட மின்தடையை மாற்றும் என்பதால், வெற்றிட அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

அறிகுறி 5: ஸ்டாப்பேண்டில் (ஃபில்ட்டர் தடுக்க வேண்டிய அதிர்வெண்களில்) தேவையான தடுப்பு கிடைக்கவில்லை

விஎன்ஏவின் இரு கேபிள்களிலும் 50 ஓம் லோடு மாட்டி எஸ்21 பாருங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே எதையும் அளக்க முடியாது. அளவீடு நடக்கும் மேசையில் வைஃபை ரூட்டரோ கைபேசியோ இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் முள் முள்ளாகத் தெரியும். திறந்த போர்டு அதை நன்றாகவே பிடிக்கும். அதை அணைத்துவிட்டு ஆவரேஜிங் போடுங்கள்.

பிறகு ரெசனேட்டர்களுக்கு நடுவே டிசி மின்தடை அளவிடுங்கள். மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டும். கிலோஓம் காட்டினால் இடைவெளியில் குழாய்த் துகள் படிந்திருக்கிறது. 20 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு நூல்கள் குறுக்கே கிடப்பது தெரியும். காற்று ஊதி எடுக்காதீர்கள். துகள் மூச்சில் போகும். ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தை ஒற்றி எடுங்கள், பிறகு ஐசோபுரப்பைல் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடையுங்கள்.

4.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு பாஸ்பேண்ட் தெரிகிறதே என்றால், அது பிழையல்ல. அரை அலைநீள ரெசனேட்டர் இரட்டிப்பு அதிர்வெண்ணிலும் ஒத்ததிரும். மைக்ரோஸ்ட்ரிப்பில் அது முழுமையாக அடங்குவதில்லை. காப்பர் நகலிலும் இருக்கும். நானோகுழாய் ஃபில்ட்டரில் அது மழுங்கித் தெரிவது இழப்பின் விளைவு.

அறிகுறி 6: திறன் கூடினால் குணம் மாறுகிறது

2 டெசிபெல் இழப்புள்ள ஃபில்ட்டரில் 1 வாட் செலுத்தினால் 0.37 வாட் வெப்பமாகும். அதில் பாதி நடு ரெசனேட்டரில். அங்கே ஒட்டாமல் தூக்கி நிற்கும் இடம் இருந்தால் வெப்பம் போர்டுக்கு இறங்க வழியில்லாமல் அந்த ஓரிடத்திலேயே ஏறும். டோப்பிங் முதலில் போகும், மின்தடை கூடும், அதனால் வெப்பம் இன்னும் கூடும். காற்றில் நானோகுழாய் 400 முதல் 600 டிகிரிக்குள் எரியத் தொடங்கும். தயாரிப்பிலிருந்து மிஞ்சிய இரும்புத் துகள் அதிகம் இருந்தால் இன்னும் முன்கூட்டியே. குழாய்த் தூளைக் காற்றில் எரித்துப் பார்க்கும் டிஜிஏ சோதனையில் மிஞ்சும் சிவப்புச் சாம்பல் இரும்பு ஆக்சைடு; அதன் எடையில் 70 சதவீதம் இரும்பு. இரும்பு எடையில் சில சதவீதத்துக்கு மேல் இருக்கும் தூளை ஃபில்ட்டருக்கு எடுக்காதீர்கள். அது காந்த இழப்பையும் சேர்த்துக் கொண்டுவரும்.

சோதனையை 10 மில்லிவாட்டில் தொடங்கி, மூன்று மூன்று டெசிபெல்லாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் விட்டு, எஸ்21 நிலைத்த பிறகே அடுத்த படி. 10 மில்லிவாட்டுக்குத் திரும்பி வரும்போது பழைய எண் வரவில்லை என்றால் படலம் மாறிவிட்டது. அதற்கு முந்தைய படியின் திறன்தான் அந்த ஃபில்ட்டரின் உச்ச வரம்பு. ஒலிபரப்பியின் வெளியீட்டில் இதை வைக்க வேண்டாம்; பெறும் பக்கத்தில் வையுங்கள்.

இந்த வேலைகள் அனைத்திலும், உலர்ந்த தூளை எடைபோடும்போதும் படலத்தை வெட்டும்போதும் பி100 தரத்து முகமூடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் அளவு தூசி பறந்தாலே அந்த வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். லேசரில் வெட்டுவதானால் உறிஞ்சியும் ஹெப்பா வடிகட்டியும் இல்லாமல் தொடங்காதீர்கள். வெட்டிய கழிவை ஈரமாகவே பையில் கட்டி, மூடி, ஆய்வகக் கழிவோடு சேருங்கள்.